அம்மாவின் ரிப்போர்ட்டில் கிருமி, உடம்பில் காய்ச்சல் இல்லை: இல்லத்தில் என்ன கேட்க வேண்டும்?

#1 நீலவானம்

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 82 வயது. நான்கு வருடமாக ஒரு சிறு ஊரில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். (நர்சிங் ஹோம் என்றதும் சிலருக்குச் சின்ன ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். நான் சொல்வது வயதானவர்கள் வருடக்கணக்கில் தங்கியிருக்கும் இடம்.) போன மாதம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன். பதினோரு நாள் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள்.

இல்லத்துக்குத் திரும்பி ஒரு வாரம் ஆனதும், ஆள் மந்தமாக இருக்கிறார், சிறுநீர் நாறுகிறது என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் போனிலேயே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சொல்லிவிட்டார். நாலாம் நாள் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலி என்ற கிருமி, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல், ஈ.எஸ்.பி.எல். என்று எழுதியிருக்கிறது. சிப்ரோவுக்கு நேராக 'ஆர்', அதாவது பலிக்காது. அதற்குக் கீழேயும் வரிசையாக 'ஆர்'. மெரோபெனெம், நைட்ரோஃபுராண்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் மூன்றுக்கு மட்டும் 'எஸ்', அதாவது பலிக்கும்.

இப்போது அம்மாவைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கூடத்துக்கு வரக்கூடாதாம். பெரிய ஊருக்குக் கூட்டிப்போய் மெரோபெனெம் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார், வலி என்று எதுவும் சொல்லவில்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன், என்னை ஏன் பூட்டி வச்சிருக்காங்க" என்று மட்டும் கேட்கிறார்.

தம்பி உடனே கிளம்பலாம் என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 விடியல்72

யோசிக்கவே யோசிக்காதீர்கள் சகோதரி. உடனே கூட்டிப்போங்கள். என் அப்பாவுக்கு இப்படித்தான் "ஒன்றுமில்லை, சாதாரண யூரின் இன்ஃபெக்ஷன்" என்றார்கள். மூன்றாம் நாள் ரத்தத்தில் கலந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் வருத்தப்பட்டுப் பயனில்லை.

#3 ஆய்வகத்தான்

மைக்ரோபயாலஜி லேபில் வேலை செய்கிறேன். நானும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் இப்படி ரிப்போர்ட் அடிக்கிறவன்தான். அதனால் முதலில் மூன்று கேள்வி:

சாம்பிள் எப்படி எடுத்தார்கள்? பெட்பேனில் இருந்தா, டயப்பரைப் பிழிந்தா, சுத்தம் செய்து நடுத்தாரையில் பிடித்ததா?

எடுத்ததற்கும் லேபுக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் எவ்வளவு நேரம்? நடுவில் ஐஸ் பெட்டி உண்டா?

குழாயை எடுத்துவிட்டார்களா, இன்னும் இருக்கிறதா?

இந்த மூன்றும் தெரியாமல் 'ஒரு லட்சம்' என்ற எண்ணை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

#4 செவிலி_ஓய்வில்

நீலவானம், பதறாதீர்கள் மா. முப்பத்தோரு வருஷம் வார்டிலும் இல்லங்களிலும் வேலை பார்த்தவள் நான்.

திண்ணையில் உட்கார்ந்திருப்பவனும் வீட்டுக்குள் புகுந்து பீரோவை உடைப்பவனும் ஒன்றல்ல. கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆள் இருக்கிறான் என்று மட்டும் சொல்லும். பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் மூதாட்டிகளில் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கு, குழாயே போடாதவர்களுக்கும், சிறுநீரில் கிருமி இருக்கும். எரிச்சல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, அவர்களுக்கே தெரியாது. குழாய் போட்டு ஒரு மாதம் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். இல்லத்தில் ஆரோக்கியமாக இருக்கும் பத்து மூதாட்டிகளைக் கூப்பிட்டுப் பரிசோதித்தாலும் மூன்று நான்கு பேருக்குக் கிருமி இருக்கிறது என்றே ரிப்போர்ட் வரும்.

இதற்கு மருந்து கொடுத்தால் திண்ணைக்காரன் சில வாரம் எழுந்து போவான். அப்புறம் அவனோ, அவனைவிட முரடனோ வந்து உட்காருவான். நடுவில் நமக்குக் கிடைப்பது வயிற்றுப்போக்கு.

நாற்றம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடிக்காவிட்டால் யார் சிறுநீரும் நாறும். நாற்றத்துக்கு மருந்து சொம்புத் தண்ணீர்.

#5 விடியல்72

அம்மா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராது என்று சொல்வார்களே? என் அப்பாவுக்கும் உடம்பு சுடவில்லை. அப்படியிருக்க "காய்ச்சல் இல்லை, அதனால் பயமில்லை" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த இழையில் யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை.

#6 மூப்பியல்_மருத்துவர்

விடியல் அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது.

முதியவர்களுக்குக் காய்ச்சல் மட்டுப்பட்டே வரும் என்பது உண்மை. அதனால்தான் இல்லங்களில் 37.8 டிகிரி செல்சியசையே காய்ச்சலாக எடுத்துக்கொள்கிறோம். அவருடைய வழக்கமான சூட்டைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் பார்க்கிறோம். வழக்கமாக 36.2 இருப்பவருக்கு 37.6 வந்தால் அது எனக்குச் செய்திதான். ஆனால் வழக்கமான சூடு என்ன என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் அது இருக்காது.

சிறுநீர்த் தொற்று என்று மருந்து தொடங்க என்ன வேண்டும் என்பதற்கு 2001-லேயே லோப் என்ற மருத்துவர் தலைமையில் ஒரு குறைந்தபட்ச அளவுகோல் வகுத்தார்கள். குழாய் இல்லாதவருக்கு: புதிதாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அது ஒன்றே போதும். எரிச்சல் இல்லையென்றால் காய்ச்சல் வேண்டும், கூடவே அடிவயிற்று வலி, அவசரம், அடிக்கடி போவது, ரத்தம், விலாவுக்குக் கீழே முதுகில் தொட்டால் வலி, புதிதாகக் கட்டுப்பாடு இழப்பது இவற்றில் ஒன்றாவது வேண்டும். குழாய் உள்ளவருக்கு: காய்ச்சல், நடுக்கம், முதுகு வலி, புதிய குழப்பம் இவற்றில் ஒன்று. நாற்றமும் கலங்கலும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"அப்படிக் காத்திருந்தால் ஆள் போய்விடுவாரே" என்ற பயத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 24 இல்லங்களில் நடந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. பாதி இல்லங்கள் இந்த வழிமுறையைப் பின்பற்றின. அங்கே சிறுநீர்த் தொற்று என்ற பெயரில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் குறைந்தது. மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடவில்லை.

நீலவானம், எனக்கு இரண்டு விவரம் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக என்ன மாத்திரை சேர்த்தார்கள்? கடைசியாக எப்போது நன்றாக மலம் கழித்தார்?

#7 நீலவானம்

அப்படியே ஆச்சரியமாக இருக்கிறது டாக்டர். இப்போதுதான் இல்லத்தில் கேட்டு எழுதுகிறேன்.

சாம்பிள்: பெட்பேனில் இருந்து. காலை ஏழு மணிக்கு எடுத்தார்கள். லேப் வண்டி மதியம்தான் அந்தப் பக்கம் வரும். அதுவரை நர்ஸ் மேசை மேல் இருந்தது. லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு ஆகியிருக்கும் என்கிறார்கள். குழாயை மருத்துவமனையிலேயே எடுத்துவிட்டார்கள்.

புது மாத்திரை: வலிக்கு ட்ரமடால், இரவில் தூங்க ஒன்று. மலம் கழித்து ஆறு நாள் ஆகிறது! யாரும் என்னிடம் சொல்லவில்லை.

#8 ஆய்வகத்தான்

பெட்பேன், ஒன்பது மணி நேரம், மேசை மேல். சரிதான் போங்கள்.

நல்ல சூட்டில், நல்ல ஊட்டத்தில் ஈ.கோலி சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அறைச் சூட்டில் அவ்வளவு வேகமில்லை, ஆனால் ஒன்பது மணி நேரம் தாராளம். பெட்பேனில் ஒட்டியிருந்த கொஞ்சம் கிருமி, லேபுக்கு வரும்போது லட்சாதிபதியாகியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். போரிக் அமிலம் போட்ட குப்பியும் உண்டு, கோடு வரை நிரப்ப வேண்டும்.

நகரத்தை விட்டுத் தள்ளி இருக்கும் இல்லங்களின் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். கிருமி எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் லேப் தொலைவு, வண்டி ஒரு நேரம்தான், ரிப்போர்ட் மூன்று நாலு நாள். அதுவரை டாக்டர் குருட்டாம்போக்கில் ஒரு மருந்து சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. ரிப்போர்ட் வரும்போது அவர் சொன்ன மருந்து 'ஆர்' என்று நிற்கும். ஒரு கோர்ஸ் வீண், குடலில் இருந்த நல்ல கிருமியும் வீண்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். இந்த ஈ.எஸ்.பி.எல். கிருமி பொய் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் குடலில் அது குடியிருக்கலாம், மருத்துவமனையிலிருந்து வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. சிறுநீர்ப்பையில் தொற்று இருக்கிறது என்பதற்கு இந்த ரிப்போர்ட் சாட்சி இல்லை, அவ்வளவுதான்.

#9 மூப்பியல்_மருத்துவர்

ஆறு நாள் மலச்சிக்கல், ட்ரமடால், தூக்க மாத்திரை. மந்தத்துக்குக் காரணம் தேடச் சிறுநீர் வரை போக வேண்டியதில்லை. சிறுநீர் அடைத்து நிற்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் பிளாடர் ஸ்கேன். நான் நேரில் பார்க்காதவன், எனவே இதை உங்கள் டாக்டரிடம் கேள்வியாகவே எடுத்துப்போங்கள்: தூக்க மாத்திரை தேவையா, வலி மாத்திரையை மாற்றலாமா, குடலுக்கு என்ன செய்யலாம், சிப்ரோவை நிறுத்தலாமா.

சிப்ரோ பற்றித் தனியாக: இந்த வயதில் அது குதிகால் நாணை அறுக்கலாம், குழப்பத்தையும் உண்டாக்கலாம். கிருமிக்குப் பலிக்காத மருந்தின் பக்கவிளைவை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஊசி விஷயம். நாளை உண்மையிலேயே எரிச்சலும் வலியும் வந்தால்கூட, சிறுநீர்ப்பை அளவில் இருந்தால் வாய்வழி மருந்துக்கே உங்கள் ரிப்போர்ட்டில் 'எஸ்' இருக்கிறது. ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி, தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. நைட்ரோஃபுராண்டாயின் இருக்கிறது, சிறுநீரகம் ஓரளவு வேலை செய்தால். மெரோபெனெம் சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கும் ரத்தத்தில் கலந்ததற்கும் வைத்திருக்க வேண்டியது.

#10 இல்லப்பொறுப்பாளர்

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன். நான் இப்படி ஒரு இல்லத்தை நடத்துகிறேன். எல்லோரும் நர்ஸ் மேசையைத் திட்டிக்கொண்டிருப்பதால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

நாற்பது பேர். இரவில் ஒரு நர்ஸ், இரண்டு உதவியாளர். டாக்டர் வாரம் ஒருமுறை, மற்ற நாள் போன். மாலை ஏழு மணிக்கு மகன் கூப்பிட்டு "அம்மா ஒரு மாதிரி இருக்காங்களே, யூரின் டெஸ்ட் பண்ணீங்களா" என்கிறார். பண்ணவில்லை என்றால் அலட்சியம் என்று புகார். பண்ணினால் ஏதாவது வளரும். வளர்ந்தால் டாக்டர் மருந்து எழுதாமல் இருக்க முடியாது. எழுதாமல் விட்டு அந்த அம்மா நாலு நாளில் வேறு காரணத்தால் போய்விட்டால், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நாங்கள் பயத்தால் டெஸ்ட் எடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது கையில் ஒரு பக்கக் கடிதம் வரும். என்ன ஆபரேஷன், என்ன மாத்திரை. இவருக்கு அங்கே எந்தக் கிருமி பிடிபட்டது, குழாய் எப்போது போட்டது, ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் பாக்கி, ஒன்றும் இருக்காது. இரண்டு வாரம் கழித்து வேறு யாருக்கோ ரிப்போர்ட் வரும்போதுதான் நூலைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடிப்போம். சிலசமயம் நாங்களும் அப்படித்தான் கடிதமில்லாமல் அனுப்பிவிடுகிறோம், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது யார் எழுதுவது?

அப்புறம் தனி அறை. பயம்தான். ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் மற்ற குடும்பங்கள் அழைத்துப்போய்விடும்.

#11 குறுக்குக்கேள்வி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த ஈ.எஸ்.பி.எல். என்பது என்ன? புதுக் கிருமியா? பழைய ஈ.கோலிதானே என்கிறார் என் நண்பர்.

#12 ஆய்வகத்தான்

நண்பர் சொல்வது சரி. அதே ஈ.கோலிதான், கையில் ஆயுதம் வந்திருக்கிறது. பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்ப மருந்துகளை வெட்டிப்போடும் ஒரு நொதியை அது சுரக்கிறது. இதை முதலில் 1983-ல் ஜெர்மனியில் பதிவு செய்தார்கள்.

மோசமான செய்தி என்னவென்றால் அந்த நொதிக்கான சமையல்குறிப்பு பிளாஸ்மிட் என்ற ஒரு சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. பரீட்சை அறையில் பிட்டுக் காகிதம் கைமாறுவதைப் போல அது ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்குப் போகும். வேறு இனத்துக்கும் போகும், ஈ.கோலியிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்கு. ஒரே பிட்டில் நாலு கேள்விக்கு விடை இருப்பதும் உண்டு. அதனால்தான் ரிப்போர்ட்டில் 'ஆர்' வரிசையாக நிற்கிறது.

பென்சிலின் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் தன் நோபல் உரையிலேயே, போதாத அளவு மருந்து பட்டால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். மெதிசிலின் என்ற மருந்து 1959-ல் வந்தது, 1961-லேயே அதற்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி பிரிட்டனில் பிடிபட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. மெரோபெனெம் போன்ற மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி பற்றி 2009-ல் எழுதினார்கள், புதுதில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் கண்டது. கடைசிக் கைத்தடியாக வைத்திருந்த கோலிஸ்டின் என்ற மருந்துக்கும் பிட் அடிக்கும் எம்.சி.ஆர்-1 மரபணுவை 2015-ல் சீனாவில் பன்றிகளிலும் நோயாளிகளிலும் கண்டார்கள். 2019-ல் மட்டும் உலகில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக நேர்ந்த மரணம் 12.7 லட்சம் என்று ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது.

இல்லங்கள் இதற்கு ஏன் தோதான இடம் என்று கேட்டால்: குடல் முழுக்க ஆன்டிபயாட்டிக், குழாய், படுக்கைப்புண், ஒருவரைத் தொட்ட கை இன்னொருவரைத் தொடுவது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கில், ஒரு வருடத்தில் இல்லவாசிகளில் 70 சதவீதம் பேர் வரை ஒரு கோர்ஸாவது சாப்பிடுகிறார்கள். கொடுத்ததில் 40 முதல் 75 சதவீதம் தேவையற்றதாகவோ பொருந்தாததாகவோ இருக்கலாம் என்றும் அதே மையம் சொல்கிறது.

#13 விடியல்72

படித்தேன். கணக்கெல்லாம் சரி. என் அப்பா கணக்கில் வரமாட்டார்.

#14 செவிலி_ஓய்வில்

விடியல் தம்பி, உங்களிடம் நாளை தனியாக எழுதுகிறேன். முதலில் அந்த அம்மாவைக் கதவுக்கு வெளியே கொண்டுவருவோம்.

இல்லம் என்பது வார்டு இல்லை, அது அவர் வீடு. மருத்துவமனையில் ஐந்து நாள் தனியறையில் வைக்கலாம். குடலில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். அதுவரை அறையிலேயே வைத்தால் கிருமி சாகாது, மனுஷி வாடிப்போவாள். நடை நிற்கும், பசி குறையும், படுக்கைப்புண் வரும். அந்தப் புண்ணில் அதே கிருமி வந்து உட்காரும்.

2022-ல் அமெரிக்க மையம் விரிவுபடுத்திய ஒரு முறை இருக்கிறது, அதன் சாரம் எனக்குப் பிடிக்கும்: ஆளை அடைக்காதே, வேலையைப் பாதுகாப்பாகச் செய். குளிப்பாட்டும்போது, டயப்பர் மாற்றும்போது, தூக்கி உட்கார வைக்கும்போது, புண் கட்டும்போது, குழாயைத் தொடும்போது கையுறையும் மேலங்கியும். கூடத்தில் உட்கார்ந்து பேசுவதற்கும் பக்கத்தில் சாப்பிடுவதற்கும் ஒன்றும் வேண்டாம். புண் மூடியிருக்க வேண்டும், டயப்பர் கசியக் கூடாது, கூடத்துக்கு வருமுன் அவர் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஊழியர் கையைப் பற்றி மட்டும் பேசுகிறோம், முதியவர் கையை யாரும் கழுவிவிடுவதில்லை!

கையுறை பற்றி ஒரு புலம்பல். காலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டு அதே கையுறையோடு ஐந்து படுக்கை போய்வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களைக் காக்கும், படுக்கையில் இருப்பவரைக் காக்காது. ஆளுக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை. சானிடைசர் என்றால் 20, 30 விநாடி தேய்க்க வேண்டும், சோப்பென்றால் 40 முதல் 60. வயிற்றுப்போக்கு ஓடும் இடத்தில் சோப்பும் தண்ணீரும்தான், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி.டிஃபிசில் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. சானிடைசர் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தாழ்வாரக் கோடியில் இருந்தால் யாரும் நடக்கமாட்டார்கள், நானும் நடந்ததில்லை.

#15 இல்லப்பொறுப்பாளர்

இது செய்யக்கூடியதாக இருக்கிறது. நன்றி மா.

மருத்துவரிடம் ஒரு கேள்வி. எல்லோரையும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுக் குளிப்பாட்டினால் கிருமி போய்விடும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். உண்மையா, சரக்குத் தள்ளும் பேச்சா?

இன்னொன்று. எங்கள் இல்லத்தில் எந்த மருந்து எவ்வளவு பலிக்கிறது என்று ஒரு அட்டவணை போடச் சொல்கிறார்கள். லேபிடம் கேட்டால் முடியாது என்கிறார்கள்.

#16 மூப்பியல்_மருத்துவர்

இரண்டும் கலந்தது. கலிஃபோர்னியாவில் 28 இல்லங்களில் செய்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சோப்புக்குப் பதில் குளோர்ஹெக்சிடின் குளியலும் மூக்கில் போவிடோன் அயோடின் கிருமிநாசினியும் பயன்படுத்திய இல்லங்களில், தொற்றுக்காக மருத்துவமனைக்கு அனுப்புவது குறைந்தது. மருந்துக்கு அடங்காத கிருமி தங்கியிருப்பதும் குறைந்தது. ஆனால் அது 18 மாதம், ஊழியர்களைப் பயிற்றுவித்து, விடாமல் செய்தது. இரவில் மூவரே உள்ள இடத்தில் கை சுத்தமே இன்னும் நிலைக்கவில்லை என்றால் நான் அதைத்தான் முதலில் பிடிப்பேன். தோலில் உள்ளதற்கு இந்தக் குளியல் உதவும், குடலில் குடியிருப்பதைத் துடைத்துவிடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

#17 ஆய்வகத்தான்

அட்டவணைக்கு லேப் முடியாது என்று சொன்னது சோம்பலால் அல்ல. ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 பேரின் சாம்பிளாவது வேண்டும் என்பது விதி. நாற்பது பேர் உள்ள இல்லத்தில் வருஷத்துக்கு 30 ஈ.கோலி வராது, வந்தால் நீங்கள் தேவையில்லாமல் டெஸ்ட் எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதே லேபுக்கு அனுப்பும் நாலைந்து இல்லங்கள் சேர்ந்து கேளுங்கள், அல்லது இரண்டு வருஷத்தைக் கூட்டிக் கேளுங்கள், போட்டுத் தருவார்கள். போனில் மருந்து சொல்லும் டாக்டர் மேசையில் அந்த ஒரு தாள் இருந்தால், இந்த அம்மாவுக்கு சிப்ரோ போயிருக்காது.

#18 நீலவானம்

மன்னியுங்கள், மூன்று நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டரிடம் உங்கள் கேள்விகளையே கேட்டேன், ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்க மாத்திரையை நிறுத்தினார், ட்ரமடாலுக்குப் பதில் பாராசிட்டமால் மட்டும் என்றார். சிப்ரோவையும் நிறுத்திவிட்டார். எனிமா கொடுத்தார்கள். மறுநாள் மதியம் அம்மா என்னிடம் போனில் பேசி, தம்பி கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவைத் திட்டினார். பழைய ஆள் வந்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கதவு திறக்க இரண்டு நாள் ஆனது. செவிலி அம்மா எழுதியதை அச்செடுத்துக் கொடுத்தேன், அம்மா இருக்கும் இல்லத்தின் பொறுப்பாளர் நல்ல மனிதர், படித்தார். "கிருமி போய்விட்டது என்று ஒரு கிளியர் ரிப்போர்ட் எடுத்து வையுங்கள், மற்றவர்களுக்குக் காட்ட வசதி" என்று மட்டும் கேட்கிறார். எடுக்கலாமா?

தம்பி இன்னும் முழுக்க நம்பவில்லை. ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறான்.

#19 செவிலி_ஓய்வில்

எடுக்காதீர்கள். இருந்தால் மறுபடி கதவு சாத்துவார்கள். இல்லையென்றாலும் அடுத்த மாதம் வந்து உட்காரும். அறிகுறி இல்லாமல் சிறுநீர் அனுப்பக் கூடாது என்றுதானே இவ்வளவு நேரம் பேசினோம். ஆனால் இந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்தமுறை மருத்துவமனைக்குப் போனால் முதல் தாளாக இதைக் காட்ட வேண்டும், அங்கே தொடங்கும் மருந்து இதைப் பொறுத்தது.

#20 விடியல்72

ஒரு கேள்வி மருத்துவருக்கு. கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் அப்பாவிடம் நாங்கள் எதைப் பார்த்திருக்க வேண்டும்?

#21 மூப்பியல்_மருத்துவர்

அவரை நான் பார்த்ததில்லை, எனவே நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. பொதுவாக நான் பயப்படுவது இவற்றுக்கு: நிமிஷத்துக்கு 25-க்கு மேல் மூச்சு, ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட நன்றாக இறங்குவது, குளிரில் நடுங்குவது போன்ற நடுக்கம், ஒரே நாளில் எழுப்ப முடியாத தூக்கம், சிறுநீரே வராமல் போவது. இதில் ஒன்று இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, எவ்வளவு தூரமானாலும் வண்டி ஏற வேண்டும். மூச்சை எண்ணுவதற்குக் கடிகாரம் போதும். ஆனால் எண்ணிப் பார்க்க யாரும் வீட்டாருக்குச் சொல்லித்தருவதில்லை. உங்களுக்கும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் முதலில் எழுதிய பயம் தவறில்லை. இந்தப் பட்டியல் உள்ளவருக்கு அந்த அவசரம்தான் வேண்டும்.

#22 விடியல்72

மூச்சு வேகமாகத்தான் இருந்தது. அம்மா சொன்னார்கள். நாங்கள் களைப்பு என்று நினைத்தோம்.

நன்றி டாக்டர். நீலவானம் சகோதரி, உங்கள் தம்பிக்கு #21-ஐ அனுப்புங்கள். என்னைப் போன்றவர்களுக்கு "ஒன்றுமில்லை" என்று சொன்னால் ஏறாது, எப்போது ஓட வேண்டும் என்று சொன்னால் ஏறும்.

#23 நீலவானம்

அனுப்பிவிட்டேன். "சரி" என்று ஒரே வார்த்தை பதில் வந்தது, அவனிடமிருந்து அதுவே பெரிது.

அம்மாவின் கட்டிலுக்கு மேல் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருக்கிறோம். காய்ச்சல் இல்லாத நாளிலும் காலை மாலை சூடு பார்த்து எழுத இரவு உதவியாளர் ஒத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில் பாட்டி தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இன்று மாலை அம்மாவுக்கு 36.4, மூச்சு 18.